வித்தையின் வலிமையும் வேலையின் வலிமையும்

ஒருவனுடைய உடல் வலிமையை நாம் ஏன் மதிக்கின்றோம் என்னும் வினா மிக எளிய வினாவாகவே தோன்றும். வலிமை அரியது, ஆதலின் மதிக்கின்றோம் என விடை கூறி அப்பாற் செல்வோரே பலர். ஆயினும் அம்மதிப்பு எங்கே வழங்கப்படுகின்றது, எங்கே மறுக்கப்படுகின்றது என்பதைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து அவ்விடை போதாதென்பது புலனாகும். மேடையில் நின்று இரும்பாணி ஒன்றை விரல்களால் வளைப்பவனைக் காண ஊர் திரள்கின்றது, கைதட்டுகின்றது, அவன் பெயரைப் பல்லாண்டு நினைவில் வைத்திருக்கின்றது. அதே ஊரிலே, விடியுமுன் அறுபதடிப் பனையைக் கட்டிப்பிடித்து ஏறி, உச்சியில் ஒருகையாற் பற்றி மறுகையாற் பாளை சீவி இறங்குபவனை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இருவருக்கும் முதலாக இருப்பது கையின் பிடியே. ஒருவனுக்குப் புகழும் மற்றவனுக்குப் புறக்கணிப்பும் வாய்த்தமைக்கு நியாயம் உண்டா? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதனையே.

வலிமைக் காட்சிகளுள் விரலையும் பிடியையும் சார்ந்தவற்றை மாத்திரம் ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மானியப் பலசாலி ஒருவன் இலண்டன் மாநகரிற் பெரும் பரபரப்பை உண்டாக்கினான். சாய்ந்த பலகையில் அமர்ந்து, கால்களை உறுதியான தடையொன்றில் ஊன்றி, இடுப்பைச் சுற்றிய கச்சையிற் கயிற்றைப் பூட்டிக்கொண்டு, பல ஆடவரும் குதிரைகளும் சேர்ந்து இழுத்தும் அசையாதிருந்தான். நியூற்றனின் ஆய்வுத் துணைவர்களுள் ஒருவரான டெசாகுலியே என்னும் பௌதிகவியலாளர் இக்காட்சியை நேரிற் கண்டு ஆராய்ந்து, தாமும் நண்பர்களும் அவ்வாறே அமர்ந்து செய்துகாட்டினார். இடுப்பெலும்பும் நீட்டிய கால்களும் ஒரு கமானைப் போல அமைந்துவிடும்போது இழுவிசையைத் தாங்குவது எலும்பேயன்றித் தசையன்று. நடுத்தர உடல்வாகுடைய எவரும் அதனைச் செய்யலாம் என்பது அவர் கண்ட முடிபு. மார்பின் மேற் பாறையை வைத்துச் சம்மட்டியால் உடைப்பிக்கும் வித்தையும் பெரும்பாலும் இத்தகையதே. பாறை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அடியின் தாக்கம் மார்பைச் சென்றடையாது. அறியாதவர் பாறையின் பருமனைக் கண்டே அஞ்சுவர்.

விரல்களுக்கு இத்தகைய முண்டுகொடுப்பு எதுவுமில்லை. இங்கு உடற்கூற்றியல் சார்ந்த செய்தி ஒன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, மணிக்கட்டின் வழியாக ஓடும் நாண்களைக் கொண்டே விரல்களை இழுக்கின்றன. கண்ணுக்குப் புலனாகும் விரல் வெறும் கருவி, உழைப்பது வேறோரிடம். நாம் விசாரிக்கப் புகும் விடயத்துக்கு இது பொருத்தமானதோர் உவமையுமாகும். அது நிற்க. நாணால் இழுக்கப்படும் விரல் எலும்பின் கமானுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. ஆதலின் விரல் வலிமை பெருமளவுக்குப் பொய்யற்ற வலிமை எனலாம்.

'பெருமளவுக்கு' என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தின் தோமஸ் இஞ்ச் என்னும் பலசாலி, தம்முடைய இருப்புக் குண்டொன்றை ஒருகையால் தூக்குபவருக்கு 200 பவுண் பரிசளிப்பதாக அறிவித்து ஊரூராகக் காட்சி நடத்தினார். அதன் நிறை 172 இறாத்தல். இரு கைகளாலும் இதனினும் கூடிய சுமையைத் தூக்கும் மூட்டைத் தொழிலாளர் எத்துறைமுகத்திலும் இருந்தனர். ஆயினும் குண்டின் கைப்பிடி இரண்டு அங்குலத்துக்கும் மேற்பட்ட பருமனுடையது. ஒரே வார்ப்பாதலின் தூக்கும்போது முழுக்குண்டும் உருண்டு விரல்களைத் திறந்துவிடும். பெருவிரல் மற்றைய விரல்களின் மேல் வந்து பூட்டுவதற்கு இடமில்லை. கூட்டம் நிறையைப் பார்த்தது. தடை பருமனில் இருந்தது. இஞ்ச் பொய் கூறினார் என்பதற்கில்லை. உண்மையின் ஒரு பாதியை மட்டும் கூட்டத்தின் கண்முன் வைத்தார். தூக்க முயன்று தோற்றவர்களும் பலசாலிகளே.

இனி, விரல் வித்தைகளுட் புகழ்பெற்றவற்றைச் சற்று வரிசையாக எண்ணிப் பார்ப்போமாக. இலண்டனைச் சேர்ந்த தோமஸ் ரொப்பம், 1741 மே 28இல் நீர் நிரம்பிய மூன்று பீப்பாய்களை, ஏறத்தாழ 1836 இறாத்தல் நிறையை, தோளிற் பூட்டிய வாரினால் நிலத்தினின்றும் உயர்த்தியவர். ஆயினும் டெசாகுலியேயின் கவனத்தை ஈர்த்தவை அவருடைய விரல்கள். கெட்டியான வெள்ளீயத் தட்டமொன்றை விரல்களால் ஓலைச்சுருளைப் போலச் சுருட்டினார். புகைக்குழாயின் கிண்ணத்தை இரு விரல்களுக்கிடையில் வைத்து நெரித்து உடைத்தார். சக்சனி நாட்டு மன்னர் இரண்டாம் அகஸ்தஸ் 1711இல் வெறுங்கையால் முறித்ததாகக் கூறப்படும் குதிரை இலாடம் டிரெஸ்டன் நகரிலே அரும்பொருளாகப் பேணப்படுகின்றது. வேறு சிலர் நாணயங்களை முறித்தனர், சீட்டுக் கட்டைக் கிழித்தனர், சங்கிலியை அறுத்தனர், இரும்பாணியை வளைத்தனர். ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் சர்க்கஸ் குழுவுடன் ஊர்கள் தோறும் சென்று இரும்புச் சங்கிலியை அறுத்தெறிந்து, ஓடப் புறப்பட்ட மோட்டார் வண்டிகளைப் பிடித்து நிறுத்திக் காட்டினார்.

இவ்வரிசையை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். தட்டம், இலாடம், ஆணி, சங்கிலி, நாணயம் ஆகிய யாவும் பிறரொருவர் உழைத்துச் செய்த பண்டங்கள். விரல் வித்தை பெரும்பாலும் ஆக்கியதை அழிக்கும் வித்தையாகவே இருந்துவந்திருக்கின்றது. இலாடம் முறிவதற்கு முன்பு அதனை உலையிற் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, வளைத்துத் தந்த ஒரு கொல்லன் இருந்தான். முறித்த கையைப் போற்றுவோர் அடித்த கையை எண்ணுவதில்லை.

இதனையே அழகுறக் காட்டும் கதையொன்று ஐரோப்பாவில் வழங்குகின்றது. அகஸ்தஸ் மன்னரின் மகனும் பிரெஞ்சுப் படைத்தளபதியுமான மொறிஸ் த சக்ஸ், தந்தையைப் போலவே பிடிவலிமை மிக்கவர். ஒருநாள் தம் குதிரைக்கு இலாடம் கட்டும்பொருட்டு ஒரு கிராமத்துக் கொல்லனிடம் சென்று, அவன் கொடுத்த இலாடங்களை ஒவ்வொன்றாக முறித்து, இரும்பு தரமற்றதென எள்ளினாராம். பின்னர் ஏற்றதொன்றைப் பெற்றுக்கொண்டு வெள்ளி நாணயத்தைக் கூலியாகக் கொடுத்தார். கொல்லன் அந்நாணயத்தை வாங்கி இரு விரல்களுக்கிடையில் வைத்து முறித்துவிட்டு, வெள்ளியும் தரமற்றது என்றானாம். இக்கதை வரலாறாக நிகழ்ந்ததோ அன்றோ என்பது நமக்கு முக்கியமன்று. வேறு பெயர்களோடும் இது சொல்லப்படுவதுண்டு. முக்கியமானது யாதெனின், சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் தளபதிக்குப் பெயர் இருக்கின்றது, கொல்லனுக்குப் பெயரில்லை. அவனே வென்றவன். நாள்தோறும் இரும்போடு பொருதி அவ்விரல்களைப் பெற்றவன் அவன். இருந்தும் கதை அவனைக் 'கொல்லன்' என்னும் தொழிற்பெயரோடு நிறுத்திவிடுகின்றது.

தமிழுலகுக்கு வருவோம். பிரஷ்யாவிற் பிறந்து இலண்டனிற் புகழடைந்த யூஜின் சாண்டோ 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் கீழைத்தேயங்களிலும் காட்சிப் பயணம் செய்தார். அவர் பெயர் நம்மிடையே ஒரு பட்டமாகவே மாறிற்று. கோவையில் ஆலைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிப் பின்னர் படத் தயாரிப்பாளராக விளங்கிய சின்னப்பா தேவர் (1915 – 1978) 'சாண்டோ' சின்னப்பா தேவராகவே அறியப்பட்டார். யாழ்ப்பாணத்திலும் உடற்பயிற்சி வல்லோர் சிலர் அவ்வடைமொழியைத் தாங்கினர். ஒருவனுடைய பெயரே பிறிதொருவனுக்குச் சிறப்புப் பெயராவது சாதாரண மதிப்பன்று.

இத்துணை மதிப்புக்கு உரியதாகக் கருதப்பட்ட பிடிவலிமை யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாள்தோறும் எவ்வாறு புழங்கியது? அதனைக் காண்பதற்கு வலிகாமத்தின் பண்டத்தரிப்பை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகச் செல்வோர் அடையும் பழையவூர் அது. பண்டங்கள் தரித்த இடம் என அதன் பெயரே பேசுவதாகக் கொள்வாரும் உளர். அவ்வாறாயின் பண்டங்களைத் தூக்கி இறக்கிய கைகளும் அவ்வூரில் இருந்திருத்தல் வேண்டும். பெயரில் அவற்றுக்கு இடமில்லை. 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் இங்கு வந்து பணிபுரிந்தமை வரலாற்று நூல்களில் நன்கு பதிவாகியுள்ளது. நோயுற்ற கைகள் அவர் முன் நீட்டப்பட்டிருக்கும். நலமாயிருந்த கைகளைப் பற்றிய பதிவை எவரும் எழுதவில்லை.

அக்கைகள் செய்த வேலைகளுட் சிலவற்றை மாத்திரம் குறிப்பிடுவேன். யாழ்ப்பாணத்து மண்ணின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். ஒரு கிணறு வெட்டுவதென்றால் அலவாங்கினாற் கல்லைக் குத்திப் பெயர்த்தெடுக்க வேண்டும். (அலவாங்கு என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது; அவர்கள் மொழியில் நெம்புகோலைக் குறிப்பது.) கிணறு வெட்டியபின் துலா. ஆடுகாலிற் பொருத்திய துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் துலாக்கொடியைக் கைமாற்றிப் பிடித்துப் பட்டையை இறக்கி ஏற்றிக் கவிழ்ப்பார். புகையிலைத் தோட்டமொன்று நனைந்து முடியும்வரை ஈரக்கொடி அவருடைய உள்ளங்கையினூடாக எத்தனை நூறு முறை சென்று மீளும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். இஞ்சின் இருப்புக்குண்டு ஒரு தடவை தூக்கிக் காட்டுவதற்கானது.

எல்லாவற்றிலும் மேலாக நம் விடயத்துக்கு இயைவது சீவல் தொழில். பனையில் ஏறுதல் அத்தொழிலின் ஒரு பாதியே. கால்களில் தளைநார் இட்டு, மரத்தை அணைத்து, உந்தி உந்தி மேலே செல்வதற்கு முன்கையும் தோளும் தொடையும் ஒருங்கே உழைக்க வேண்டும். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு மரமன்று, பல மரங்கள். மறுபாதி உச்சியில் இருக்கின்றது. பாளையை மரத்தாற் செய்த இடுக்கியினால் நாட்கணக்கில் அளவாக நசுக்கிப் பதப்படுத்தல் வேண்டும். மிகுதியாக நசுக்கினாற் பாளை பழுதாகும். குறைவாக நசுக்கினால் ஊறாது. பதமான பின்னர் நுனியைக் கூரிய கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவி முட்டியைக் கட்டுவர். முட்டியினுட் சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீர், தடவாவிடிற் கள். மரத்தைப் பற்றும்போது இரும்பாக இருந்த அதே விரல்கள் பாளையைத் தொடும்போது மருத்துவன் நாடி பார்க்கும் விரல்களாக மாறுகின்றன. தட்டத்தைச் சுருட்டும் விரல்களிடம் இந்த இரண்டாவது தகைமையை எவரும் எதிர்பார்த்ததில்லை.

ஆகவே, வலிமை அரியது என்பதால் மதிக்கப்படுகின்றது என்னும் முதல் விடை நிற்கவில்லை. சீவல் தொழிலாளியின் வலிமை பொதுவானதாகத் தோன்றுவது அது நாள்தோறும் நிகழ்வதாலேயே. நூறு பேர் செய்வது எளிது என்று கொள்வது கண்ணின் பழக்கம். பல்கலைக்கழகத்துப் பயிற்சிக்கூடத்திற் பல ஆண்டு பயின்ற இளைஞர் ஒருவரை ஒரேயொரு பனையின் பாதியுயரத்துக்கு ஏறச் சொல்லிப் பார்த்தால் அருமை எது என்பது விளங்கும்.

வலிமை உயர்ந்த பண்பின் அடையாளம், ஆதலின் மதிக்கின்றோம் என இன்னொரு விடை கூறப்படலாம். இதுவும் பொருந்தாது. மகாபாரதப் போர் முடிந்தபின் திருதராட்டிரன் வீமனைத் தழுவ விரும்புகின்றான். கண்ணன் இருப்புப் பாவையொன்றை முன்னே நிறுத்துகின்றான். கண்ணற்ற மன்னனின் அணைப்பில் இரும்பு நொறுங்குகின்றது. அன்பின் வடிவாக நீட்டப்பட்ட கைக்குள் வலிமையும் பகையும் ஒருங்கே இருந்தன. இலங்கையர்கோன் கைகளாற் கயிலையைப் பெயர்க்க முனைந்த கதையும், இறைவன் கால்விரலை ஊன்றிய கதையும் சைவத் திருமுறைகளிற் பயின்றோர்க்குப் புதியன அல்ல. அங்கும் பெருவலிமை செருக்கின் வடிவாகவே வருகின்றது. புராணத்தை விடுத்து வரலாற்றுக்கு வந்தாலும் நிலைமை அதுவே. பீப்பாய்களைத் தூக்கிய தோமஸ் ரொப்பம், பொறாமை மேலிட்டு மனைவியைக் கத்தியாற் குத்தித் தன்னையும் குத்திக்கொண்டு, அக்காயங்களால் 1749இல் இறந்தார். தட்டத்தைச் சுருட்டிய விரல்களுக்குத் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ளும் ஆற்றல் இருக்கவில்லை.

மூன்றாவது விடை இவ்விரண்டினும் வலிதானது. அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. வித்தை கட்டாயமற்றது, வேலை கட்டாயமானது. பயன் கருதாது, தனக்காகவே செய்யப்படும் செயலே சுதந்திர மனிதனுக்கு உரியதென அரிஸ்தோத்தில் கருதினார். மனிதன் விளையாடும்போதே முழு மனிதனாகின்றான் என்னும் கருத்தை ஷில்லர் 1795இல் வெளியிட்ட அழகியற் கடிதங்களில் விரித்தார். இந்நோக்கில், ஆணியை வளைப்பவன் தேவையின் பிடியிலிருந்து விடுபட்ட ஒருவன். அவனிடத்தில் நாம் காண்பது வலிமையை மட்டுமன்று, விடுதலையையும்.

இதிற் பெரிய உண்மை இருக்கின்றது. பலசாலிகளுட் பெரும்பாலோர் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து வந்தோரே என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். ரொப்பம் தச்சுத் தொழில் பயின்றவர். சின்னப்பா தேவரின் தொடக்கத்தை மேலே குறிப்பிட்டோம். ஆலையிலும் தச்சுப் பட்டறையிலும் அவர்களுடைய கைவலிமை பிறிதொருவருக்கு உரியதாக இருந்தது. உழைப்பாளி தன் ஆற்றலைத் தனதல்லாத ஒன்றாகக் காணும் இந்நிலையையே 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே மார்க்ஸ் ஆராய்ந்தார். மேடையில் ஏறி, எவருக்கும் பயன்படாத ஒரு செயலைச் செய்த அக்கணத்திலேதான் அவ்வலிமை முதன்முறையாக அவர்களுடையதாயிற்று. பயனின்மையே அங்கு உரிமையின் அடையாளம். ஆகவே பலசாலியைப் பாராட்டுவது பேதைமை என்றோ, வித்தை வீண் என்றோ நான் வாதிட வரவில்லை. சிறுவர்கள் வாயைப் பிளந்து நின்று பார்க்கும் அந்த வியப்பைப் பறிப்பதற்கு எனக்கு மனமுமில்லை.

ஆயினும் இவ்விடை முடியும் இடத்திலேயே இன்னொரு வினா தொடங்குகின்றது. சுதந்திரத்தை மதிக்கின்றோம் என்றால், அச்சுதந்திரம் யாருக்குத் திறந்திருந்தது? யாழ்ப்பாணத்திற் சீவல் தொழில் ஒருவன் தெரிந்துகொண்ட தொழிலாக இருக்கவில்லை. பிறப்பினால் விதிக்கப்பட்டதாக இருந்தது. கட்டாயத்தை விதித்தவர்களே, கட்டாயத்தின் கீழ்ச் செய்யப்பட்டதால் அது மதிப்புக்கு உரியதன்று என்று சொல்வார்களாயின், அதனை விடை என்று கொள்ளல் தகுமா?

இனி என் கருத்தைக் கூறுகின்றேன். பலசாலியைப் புகழ்வோர்க்கு அவனிடம் கடன் எதுவும் இல்லை. அவன் முறித்த இலாடத்தினால் எவருடைய குதிரையும் நடக்கவில்லை. அவன் வளைத்த ஆணியினால் எவருடைய கூரையும் நிற்கவில்லை. கைதட்டியவுடன் கணக்கு முடிந்துவிடுகின்றது. சீவல் தொழிலாளியின் வலிமையோ நம் வீட்டுப் பனங்கட்டியில் இருக்கின்றது; துலாக்கொடி பிடித்தவரின் வலிமை நம் தோட்டத்துப் பயிரில் இருக்கின்றது. அதனை வலிமை என ஒப்புக்கொண்ட கணத்தில் அதற்குரியதைக் கொடுக்க வேண்டிய கடப்பாடும் நம்மைச் சேர்கின்றது. கூலியில், இருக்கையில், கோயில் வாசலில் அது தீர்க்கப்பட வேண்டிய கடன். எனவே காணாதிருப்பது வசதியாயிற்று. உழைப்பாளியின் வலிமையை நாம் மதியாதது அறியாமையினால் அன்று. மதித்தாற் செலவு உண்டு என்பதனால்.

இது மிகைக்கூற்று என எண்ணுவோர் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றைக் கையை மையமாகக் கொண்டு ஒருமுறை வாசித்தல் நன்று. அறுபதடி மரத்தைப் பற்றுவதற்குத் தகுதியுடையதெனக் கொள்ளப்பட்ட கை, ஊர்ப் பொதுக்கிணற்றின் கயிற்றைப் பற்றுவதற்குத் தகுதியற்றதெனக் கொள்ளப்பட்டது. அந்தக் கிணற்றைக் கல்லைப் பிளந்து வெட்டியவர்களும் வேறு எவரோ அல்லர். பிறர் அள்ளி ஊற்ற, அவர்கள் குனிந்து கையேந்திக் குடித்தனர். தேநீர்க் கடைகளில் மூக்குப்பேணி ஏனையோருக்கு. அவர்களுக்குப் போத்தலோ சிரட்டையோ கொடுக்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும் நடைமுறை இலகுவில் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட எழுச்சி ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்தவையும், அக்காலத்திலேயே பண்டத்தரிப்பை அடுத்த சங்கானையில் தேநீர்க் கடைகளையும் ஆலயத்தையும் குறித்து எழுந்த போராட்டமும் யாவரும் அறிந்தவை. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972இல் வெளிவந்தது இப்பின்னணியிலேயே.

ஒரு பேணியைப் பற்றுவதற்கு எவ்வளவு பிடிவலிமை வேண்டும்? ஒரு குழந்தையின் வலிமை போதும். அதற்காக உயிர்கள் பலியாயின. பலசாலியின் கையையோ ஊர்ப் பெரியோர் மேடையேறிக் குலுக்கினர். தொடத்தக்க கை, தொடத்தகாத கை என்ற பிரிவினை வலிமையின் அளவினால் வகுக்கப்பட்டதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வித்தையும் வேலையும் இவ்வாறு பிரிந்துதான் ஆகவேண்டும் என்ற நியதியும் இல்லை. ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் திரித்விக் என்னும் பழைய மீன்பிடித்துறை உண்டு. அங்கு நான்கு கற்கள் கிடக்கின்றன. மிகப் பெரியது 154 கிலோகிராம். மிகச் சிறியது 23 கிலோகிராம். படகில் வேலைக்கு வருவோர் அவற்றைத் தூக்கித் தம் வலிமையை நிறுவினர். அரைகுறை வலிமையுள்ளோன், முழு வலிமையுள்ளோன் என்றவாறு கற்களுக்கே பெயர் உண்டு. அக்கல்லைத் தூக்குதல் ஒரு வித்தையே. ஆனால் அது மறுநாள் துடுப்புப் பிடிக்கப் போகும் கையின் வித்தை. பார்த்து நின்றவர்களும் அதே படகிற் செல்வோர். தமிழகத்தின் தென்மாவட்டச் சிற்றூர்களிற் கிடக்கும் இளவட்டக்கல்லும் இத்தகையதே. பிடிப்பதற்கு விளிம்பில்லாத அந்த உருண்டைக் கல்லைத் தூக்கியவனே மணமகனாகும் தகுதி பெற்றான் என்பர். கல்லைத் தூக்கியவனும் ஏர் பிடித்தவனும் ஒருவனாக இருந்தமையால், வியப்பும் மரியாதையும் அங்கு வெவ்வேறு வாசல்களால் வரவில்லை. இளவட்டக்கல் கிடந்த ஊர்களில் வேறுவகை ஒதுக்கல் இருக்கவில்லை என்று இதனாற் கூறியதாகாது. இருந்தது. எல்லாரும் அந்தக் கல்லைத் தொட அனுமதிக்கப்பட்டனரா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலாவும் ஆடுகாலும் தோட்டங்களிலிருந்து மறைந்தன. 1972இற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டமை அவர்களுடைய வாழ்வில் ஒரு திருப்பம். 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பின்னர் வந்த போர் எண்ணற்ற பனைகளை வீழ்த்தியது. காவலரண்களுக்கு மரமாகப் பனையே பயன்பட்டது. 1995இல் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தோருட் பலர் தம் பிள்ளைகள் மரமேறுவதை விரும்பவில்லை. அதிற் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. தன் கையின் வலிமையை இகழ்ச்சிக்கு விற்ற ஒருவர், தன் மகனின் கையிற் பேனாவைக் கொடுக்க விரும்புவதைப் பாரம்பரியத்தின் அழிவு என்று புலம்புவோர் தம் பிள்ளைகளை முதலில் மரத்துக்கு அனுப்பட்டும்.

மறுபுறம், உழைப்பிலிருந்து விடுபட்ட கைகள் வலிமையைத் தேடிப் புறப்பட்டுள்ளன. 2015இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து, பிடி 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறப்பின் வாய்ப்பு 16 வீதம் அளவில் அதிகரிப்பதைக் கண்டது. பிடி தளர்ந்தவனின் உயிரும் தளரும் என்பதன்று இதன் பொருள். பிடி உடலின் பொதுநிலையைக் காட்டும் ஒரு குறி. ஆயினும் அதனை வாசித்தோர் பலர் பயிற்சிக்கூடங்களிற் பணம் செலுத்திப் பருத்த கைப்பிடியுள்ள குண்டுகளைத் தூக்குகின்றனர். கயிற்றைப் பற்றித் தொங்குகின்றனர். முன்கை பருப்பதைக் கண்ணாடியிற் கண்டு மகிழ்கின்றனர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அவ்வாறு பயிலும் தமிழ் இளைஞருட் சிலரின் பாட்டனார்மார் அந்த முன்கையைப் பெற்றிருந்தார்கள். அதனை அவர்கள் சட்டைக்கை நீட்டி மறைத்திருக்கக்கூடும். ஏனெனில் தளைநாரும் மரமும் உரசிய தழும்பு, அக்கால யாழ்ப்பாணத்தில் அவர்களை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருந்தது.

பனை ஏறுவதற்கெனக் கருவிகளும் இப்போது செய்யப்பட்டுள்ளன. தளைநாரும் மார்பின் தழும்பும் இன்றி அவை ஆளை உச்சிவரை ஏற்றிவிடும். உச்சியை அடைந்தபின் பாளையை எவ்வளவு நசுக்க வேண்டும் என்பதை அக்கருவி அறியாது. அதனை அறிந்த விரல்கள் வலிகாமத்தில் இன்னும் சில இருக்கின்றன. அவை யாருடையவை என்று கேட்டால், ஊரில் உள்ளோர் பலர் இன்றைக்கும் தொழிலின் பெயரையே சொல்வார்கள்.